அமெரிக்கக் கல்விக் கடன்: பெற்றோர் வாங்கும் கடனுக்கு வந்த வரம்பு

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக் காத்திருக்கும் வீடுகளில் 2025 ஜூலைக்குப் பிறகு ஒரு செய்தி அரைகுறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது: "ஃபெடரல் கல்விக் கடனைக் குறைத்துவிட்டார்களாம்." ஃபெடரல் என்றால் அமெரிக்க மத்திய அரசு. அது தரும் கடனைக் குறைத்தது உண்மை. யாருக்குக் குறைத்தார்கள் என்பதில்தான் குழப்பம். முழுநேரமாக இளங்கலை படிக்கும் மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பில் ஒரு டாலர்கூட மாறவில்லை. அம்மாவோ அப்பாவோ அந்தப் பிள்ளைக்காக வாங்கும் கடன்தான் மாறியிருக்கிறது.

2025 ஜூலை 4 அன்று அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம் வரிச் சலுகைகளுக்காகத்தான் அதிகம் பேசப்பட்டது. அதற்குள்ளேயே கல்விக் கடன் விதிகளும் இருக்கின்றன. கடன் வரம்பைப் பற்றியவை 2026 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருபவை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்-1 விசாவில் படிக்கப் போகும் மாணவருக்கு இந்தக் கடன் பழைய விதியிலும் கிடைக்காது, புதிய விதியிலும் கிடைக்காது. அவர்கள் வாங்குவது இந்திய வங்கிக் கடனோ, அமெரிக்கத் தனியார் கடனோதான். ஃபெடரல் கடன் என்பது அமெரிக்கக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதித் தகுதி போன்ற சில வகைகளில் அங்கே வாழ்பவர்களுக்கும் உரியது. வேலைக்கான எச்-1பி, அவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாக்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

மாணவரின் சொந்தக் கடன்

எல்லாம் ஃபாஃப்சா என்ற ஃபெடரல் நிதி உதவி விண்ணப்பத்தில் தொடங்குகிறது. குடும்ப வருமானம், சேமிப்பு போன்ற விவரங்களைக் கொடுத்தால், 'இந்தக் குடும்பத்தின் நிலை இது' என்று ஓர் எண் வரும். அந்த எண்ணையும் கல்லூரியின் மொத்தச் செலவையும் வைத்துக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் உதவிப் பொதியைத் தயாரிக்கும். திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்ட் ஒரு பக்கம், திருப்பித் தர வேண்டிய கடன் மறுபக்கம்.

மாணவரின் கடனில் இரண்டு வகை உண்டு. சப்சிடைஸ்டு கடனில், படிக்கும் காலத்து வட்டியையும் படிப்பு முடிந்த பின் ஆறு மாத வட்டியையும் அரசே ஏற்கிறது. பொருளாதாரத் தேவை இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. அன்சப்சிடைஸ்டு கடனை யாரும் வாங்கலாம், ஆனால் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடும்.

பெற்றோரைச் சார்ந்த மாணவர் என்றால் இரண்டு வகையும் சேர்த்து முதல் ஆண்டில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டில் 6,500, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 7,500. இளங்கலைக் காலம் முழுவதற்கும் 31,000. இந்த எண்கள் 2008-இல் உயர்த்தப்பட்டவை. அதன் பிறகு கல்லூரிக் கட்டணம் எங்கோ போய்விட்டது, இவை அப்படியே நிற்கின்றன. நான்கு ஆண்டுக்கும் கூட்டினால் 27,000 டாலர் வரும். பல கல்லூரிகளில் அது ஓர் ஆண்டுக்கே போதாது.

பெற்றோரைச் சாராத மாணவருக்கு வரம்பு அதிகம்: முதல் இரண்டு ஆண்டுகளில் 9,500, 10,500, பிறகு 12,500, மொத்தம் 57,500. ஆனால் 'சாராதவர்' ஆவது அவ்வளவு எளிதல்ல. 24 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது திருமணமாகியிருக்க வேண்டும், அல்லது ராணுவத்தில் பணியாற்றியிருக்க வேண்டும், அல்லது பெற்றோரை இழந்திருக்க வேண்டும், இப்படிச் சில நிபந்தனைகள். தனி வீடு எடுத்துத் தங்கினால் போதும், வரிக் கணக்கில் பிள்ளையைக் காட்டாமல் விட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே எடுபடாது.

பேரண்ட் பிளஸ்: எல்லை இல்லாமல் இருந்த கடன்

மாணவர் வரம்புக்கும் உண்மையான செலவுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை இதுவரை நிரப்பி வந்தது பேரண்ட் பிளஸ் என்ற கடன். 1980-இல் இது தொடங்கியபோது ஆண்டு வரம்பும் மொத்த வரம்பும் இருந்தன. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவற்றை எடுத்துவிட்டது. அதன் பிறகு விதி ஒற்றை வரிதான்: கல்லூரியின் மொத்தச் செலவிலிருந்து மற்ற உதவிகளைக் கழித்து, மிச்சம் எவ்வளவோ அவ்வளவும் கடனாகக் கிடைக்கும். கட்டணம் மட்டுமல்ல, அறை, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் அந்த 'மொத்தச் செலவில்' அடக்கம்.

இந்தக் கடனின் விசித்திரமே வேறொன்று. வீட்டுக் கடனுக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், மாதத் தவணை வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். பேரண்ட் பிளஸில் அது கிடையாது. கடன் வரலாற்றில் பெரிய கரும்புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்: அண்மையில் திவாலானவரா, பழைய கடனைக் கட்டாமல் இழுத்தடிக்கிறவரா என்பது போல. திருப்பிக் கட்டும் அளவுக்கு வருமானம் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. ஆண்டுக்கு 30,000 டாலர் சம்பாதிக்கும் தாய் தன் மகளுக்காக 1,00,000 டாலர் கடன் வாங்க முடிந்தது இதனால்தான். மகள் பட்டம் வாங்கி நல்ல வேலைக்குப் போனாலும் அந்தக் கடன் தாயின் பெயரில்தான் இருக்கும். 'வேலை கிடைத்ததும் நானே கட்டுகிறேன்' என்று பிள்ளை சொல்லும் வாக்குக்கு வீட்டுக்குள் மட்டும்தான் மதிப்பு.

வட்டியும் குறைவில்லை. 2025-26 கல்வியாண்டில் இளங்கலை மாணவரின் கடனுக்கு வட்டி 6.39 சதவீதம், பேரண்ட் பிளஸுக்கு 8.94. வாங்கிய ஆண்டின் விகிதம் அந்தக் கடனுக்குக் கடைசிவரை மாறாது. இது தவிர, பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் கட்டணம் ஒன்றும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து தொடர்ந்து 4.228 சதவீதமாக இருந்த கணக்கில், 20,000 டாலர் வாங்கினால் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது சுமார் 19,154. வட்டி மட்டும் முழு 20,000-க்கு.

இப்போது வந்திருக்கும் எல்லை

புதிய விதிப்படி, ஒரு பிள்ளைக்காகப் பெற்றோர் வாங்கக்கூடியது ஆண்டுக்கு 20,000 டாலர், வாழ்நாள் மொத்தம் 65,000 டாலர். இது பிள்ளைக் கணக்கு, பெற்றோர் கணக்கு அல்ல. அப்பா 20,000, அம்மா 20,000 என்று தனித்தனியாக வாங்க முடியாது. மணமுறிவு பெற்றவர்களானாலும் இருவருக்கும் சேர்த்தே 20,000. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனியாக 65,000. வாங்கியதில் பாதியைக் கட்டி முடித்துவிட்டேன், மறுபடியும் அவ்வளவு வாங்கலாமா என்றால், முடியாது. கட்டினாலும் தள்ளுபடி ஆனாலும், ஒருமுறை வாங்கியது வாங்கியதாகவே கணக்கில் நிற்கும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 20,000-ஐ நான்கால் பெருக்கினால் 80,000. மொத்த வரம்போ 65,000. ஆண்டு வரம்பை முழுதாகப் பயன்படுத்தும் குடும்பம் மூன்று ஆண்டில் 60,000-ஐத் தொட்டுவிடும். நான்காம் ஆண்டுக்கு மிஞ்சுவது 5,000. இந்தச் சட்டத்தில் ஒரு குடும்பம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஆண்டு வரம்பைப் பார்த்து 'சமாளித்துவிடலாம்' என்று சேர்த்துவிட்டு, பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பணம் தீர்ந்து நிற்பது முதல் ஆண்டிலேயே பணம் இல்லாததைவிடக் கொடியது. பாதியில் நின்ற படிப்புக்கும் கடன் கடன்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரியின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 45,000 டாலர், உதவித்தொகை 10,000 என்று வையுங்கள். மிச்சம் 35,000. எளிமைக்காக நான்கு ஆண்டும் செலவு ஏறவில்லை, கடன் கட்டணமும் இல்லை என்று கொள்வோம். முதல் ஆண்டில் மாணவர் 5,500, பெற்றோர் 20,000. துண்டு விழுவது 9,500. இரண்டாம் ஆண்டில் 8,500. மூன்றாம் ஆண்டில் 7,500. நான்காம் ஆண்டில் மாணவரின் 7,500-உடன் பெற்றோரின் கடைசி 5,000 மட்டும்தான், ஆக 22,500 துண்டு விழுகிறது. மொத்தம் 48,000 டாலரைக் கையிலிருந்தோ வேறு எங்கிருந்தோ புரட்ட வேண்டும். பழைய விதியில் இந்த 48,000-உம் பேரண்ட் பிளஸாகவே வந்திருக்கும், எந்தக் கேள்வியும் இல்லாமல்.

வரம்பைச் சமமாகப் பிரித்து ஆண்டுக்கு 16,250 என்று வாங்கினால் கடைசி ஆண்டுப் பள்ளம் இவ்வளவு ஆழமாக இருக்காது. மொத்தத் துண்டு அதேதான், ஆனால் அது முதல் ஆண்டிலேயே முகத்தைக் காட்டிவிடும். 'இந்தக் கல்லூரி நமக்குக் கட்டுப்படியாகுமா' என்ற கேள்வியை அப்போதே கேட்க வைப்பதால் அதுவே மேல்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள்

இவர்களுக்குச் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. 2026 ஜூன் 30 அன்று மாணவர் ஒரு படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் படிப்புக்காக அந்தத் தேதிக்குள் மாணவரோ பெற்றோரோ ஃபெடரல் கடன் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் பழைய வரம்பே தொடரும். எதுவரை? மூன்று கல்வியாண்டு வரை, அல்லது படிப்பு முடிய இன்னும் இருக்கும் காலம் வரை. இரண்டில் எது குறைவோ அது. 2026 கோடையில் முதல் ஆண்டை முடித்தவருக்கு மீதி மூன்று ஆண்டும் பழைய விதியில் ஓடிவிடும்.

இரண்டு நிபந்தனைகளில் இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. படித்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, கடனும் வாங்கியிருக்க வேண்டும். சேமிப்பை வைத்து இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்த கட்டுசெட்டான குடும்பத்துக்கு இந்தச் சலுகை இல்லை! கல்லூரி மாறினாலும் சலுகை போய்விடும், ஏனென்றால் அது குறிப்பிட்ட கல்லூரியின் குறிப்பிட்ட படிப்போடு கட்டப்பட்டது.

மாணவருக்கும் ஒரு மாற்றம்

மாணவரின் வரம்பு மாறவில்லை என்று சொன்னபோது 'முழுநேரமாக' என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னேன். காரணம் உண்டு. இதுவரை பாதிநேரப் படிப்பு, அதாவது பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு பருவத்துக்கு 6 கிரெடிட், எடுத்தாலே ஆண்டு வரம்பு முழுவதும் திறந்திருந்தது. இனி எடுக்கும் பாடத்தின் அளவுக்குத்தான் கடன். ஆண்டு முழுதும் பாதிச் சுமையோடு படிக்கும் முதலாண்டு மாணவருக்கு 5,500 என்பது 2,750 ஆகிவிடும். வேலை பார்த்துக்கொண்டே கம்யூனிட்டி காலேஜில் படிப்பவர்களைத்தான் இது அதிகம் தொடும். ஒரு பாடத்தை நடுவில் விடலாமா என்று யோசிக்கும்போது இனி கடன் கணக்கையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

குறிப்பிட்ட ஒரு படிப்புக்குக் கடன் வரம்பை ஃபெடரல் அளவைவிடக் குறைவாக வைக்கும் அதிகாரமும் கல்லூரிகளுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் படிப்பில் சேரும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

திருப்பிக் கட்டும் கதை

2026 ஜூலை 1 முதல் வாங்கும் கடனுக்கு முன்போல ஏழெட்டுத் திட்டங்கள் கிடையாது. மாணவருக்கு இரண்டே வழி. ஒன்று, நிலையான தவணை: கடன் 25,000-க்குக் கீழே என்றால் 10 ஆண்டு, 50,000-க்குக் கீழே 15, 1,00,000-க்குக் கீழே 20, அதற்கு மேல் 25 ஆண்டு. மற்றொன்று, வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் 'ராப்' திட்டம். ஆண்டு வருமானம் 10,000 டாலரைத் தாண்டும்போது 1 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு 10,000-க்கும் ஒரு சதவீதம் ஏறி, 1,00,000-க்கு மேல் 10 சதவீதத்தில் நிற்கும். எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும் மாதம் 10 டாலராவது கட்ட வேண்டும். சார்ந்திருக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மாதம் 50 டாலர் கழிவு. 45,000 சம்பாதிக்கும் ஒருவர் 4 சதவீதம், அதாவது மாதம் 150 டாலர் கட்டுவார். ஒரு குழந்தை இருந்தால் 100. தவணையைத் தவறாமல் கட்டினால், அதில் அடங்காத வட்டியை அசலோடு ஏற்றாமல் தள்ளுபடி செய்துவிடுவார்கள். 30 ஆண்டு கட்டியும் மிச்சம் இருந்தால் அதுவும் போகும். 30 ஆண்டு என்பது பழைய திட்டங்களின் 20, 25 ஆண்டுகளைவிட நீளம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெற்றோர் கடனுக்கு ராப் கிடையாது. நிலையான தவணை மட்டுமே. 65,000 டாலர், 8.94 சதவீதம், 20 ஆண்டு என்று போட்டால் மாதம் சுமார் 582 டாலர்; கட்டி முடிக்கும்போது மொத்தம் கிட்டத்தட்ட 1,40,000. பிள்ளை கல்லூரி முடிக்கும்போது பெற்றோருக்கு 52 வயது என்றால், 72 வரை இந்தத் தவணை கூடவே வரும். ஓய்வுபெற்ற பிறகு வருமானம் பாதியாகக் குறைந்தாலும் தவணை குறையாது.

பழைய பேரண்ட் பிளஸ் கடன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் கடன்களை 2026 ஜூலை 1-க்கு முன் ஒரே ஃபெடரல் கடனாக ஒருங்கிணைத்திருந்தால் வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் பழைய வழிக்குள் நுழைய முடியும். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு, உதாரணமாக இரண்டாவது பிள்ளைக்காக, புதிதாக ஒரு பேரண்ட் பிளஸ் வாங்கினால், பழைய கடனுக்கும் அந்த வழி அடைபட்டுவிடும். மூத்தவளுக்கு வாங்கிய கடனின் தவணை, இளையவனுக்கு வாங்கும் கடனால் எகிறும். இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வேலை இழந்தால் தவணையை நிறுத்திவைக்கும் சலுகையும், பொருளாதார நெருக்கடிக்கான சலுகையும் 2027 ஜூலை 1 முதல் வாங்கும் கடன்களுக்கு இல்லை.

ஏன் இந்த வரம்பு?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். அதோடு பழைய குற்றச்சாட்டு ஒன்றும் சேர்ந்துகொண்டது: அரசு கேட்டதையெல்லாம் கடனாகக் கொடுப்பதால்தான் கல்லூரிகள் கூச்சமில்லாமல் கட்டணத்தை ஏற்றுகின்றன. ரீகன் ஆட்சியில் கல்வித் துறைச் செயலாளராக இருந்த வில்லியம் பென்னட் 1987-இலேயே இதைச் சொன்னார். ஆய்வாளர்கள் இன்றுவரை இதில் ஒரே குரலில் பேசவில்லை. லாபநோக்குக் கல்லூரிகளில் இந்த வாதத்துக்குச் சான்று வலுவாக இருக்கிறது, அரசுக் கல்லூரிகளில் அவ்வளவு இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2011-இல் அரசு பேரண்ட் பிளஸின் கடன் வரலாற்றுச் சோதனையைக் கொஞ்சம் இறுக்கியபோது, வரலாற்றுரீதியாகக் கறுப்பின மாணவர்களுக்கென உருவான கல்லூரிகள் கடுமையாக அடி வாங்கின. கடன் மறுக்கப்பட்டதால் ஏராளமான மாணவர்கள் தொடர முடியவில்லை. பிறகு அரசே விதியைத் தளர்த்தியது. சேமிப்போ சொத்தோ இல்லாத வீடுகளுக்கு இந்தக் கடன்தான் ஒரே கதவு. பணக்காரர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். ஆகவே வரம்பு யாரைக் காக்கிறதோ அவர்களைத்தான் வெளியேயும் நிறுத்துகிறது. கடன் தொல்லையிலிருந்து காப்பது சரி. உதவித்தொகையைக் கூட்டாமல் கடனை மட்டும் குறைப்பது பாதி வேலை என்பது என் கருத்து.

பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

தனியார் கடன் என்பார்கள். அங்கே வருமானம் பார்ப்பார்கள், கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்கள், 18 வயதுப் பிள்ளை தனியாகப் போனால் பெரும்பாலும் கிடைக்காது. கூடக் கையெழுத்துப் போடும் கோ-சைனர் வேண்டும். நல்ல ஸ்கோர் உள்ள குடும்பத்துக்குப் பேரண்ட் பிளஸைவிடக் குறைந்த வட்டியில்கூடக் கிடைக்கலாம். ஆனால் வருமானத்துக்கு ஏற்பத் தவணை, தள்ளுபடி என்பதெல்லாம் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. மாறும் வட்டியா நிலை வட்டியா என்பதை முதலில் கேளுங்கள்.

பெற்றோருக்கு பேரண்ட் பிளஸ் மறுக்கப்பட்டால், மாணவருக்குக் கூடுதலாக அன்சப்சிடைஸ்டு கடன் கிடைக்கும்: முதல் இரண்டு ஆண்டுகளில் 4,000, பிறகு 5,000. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை குடிமகன், பெற்றோர் இன்னும் எச்-1பி விசாவில் கிரீன் கார்டு வரிசையில் என்ற நிலை நம்மவர் வீடுகளில் புதிதல்ல. அந்தப் பெற்றோர் பேரண்ட் பிளஸ் வாங்க முடியாது. இந்தக் காரணத்தைக் காட்டி, பிள்ளைக்கு அந்தக் கூடுதல் கடனைத் தரும்படி கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்திடம் கேட்கலாம். முடிவு அவர்கள் கையில். கேட்காமல் தானாக வராது.

கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தைப் படிக்கும்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகள் பேரண்ட் பிளஸ் தொகையையும் 'உதவி' என்ற தலைப்பின் கீழ் எழுதி, நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம் என்று காட்டும். கிராண்ட், ஸ்காலர்ஷிப் இரண்டையும் மட்டும் கூட்டுங்கள், மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். பிறகு நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இந்த ஸ்காலர்ஷிப் நான்கு ஆண்டும் வருமா, அதைத் தக்கவைக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும், கட்டணம் கடந்த நான்கு ஆண்டில் எவ்வளவு ஏறியது. பதில் வந்ததும் நான்காம் ஆண்டுக்கான கணக்கை முதலில் போடுங்கள், முதலாம் ஆண்டுக்கானதைக் கடைசியில்.